நம் வயிற்றுக்குள் ஒரு சாயப்பட்டறை!



திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாயப்பட்டறையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைப் பனியன் துணி உள்ளே போகும். சிவப்பும் பச்சையுமாக வெளியே வரும். நம் வயிற்றுக்குள்ளும் ஒரு பட்டறை இருக்கிறது. அது சாயம் ஏற்றுவதில்லை. சாயம் உண்டாகாமல் தடுக்கிறது! அதுதான் கல்லீரல். வலது பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும்.

ஷாம்பு சொல்லும் ரகசியம்

ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுக் கலக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்து மிதக்கும். இப்போது ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் 'சோடியம் லாரில் சல்பேட்' என்றோ, 'லாரெத் சல்பேட்' என்றோ போட்டிருக்கும். எண்ணெயிலிருந்து எடுக்கும், தண்ணீரில் கரையாத ஒரு பொருளின் முனையில் 'சல்பேட்'டை ஒட்டி அதைச் செய்கிறார்கள். ஒட்டியதும் அது தண்ணீரில் கரைந்துவிடுகிறது! சல்பேட் என்பது ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது. அதற்குத் தண்ணீர் என்றால் உயிர்.

கல்லீரல் செய்வதும் இதே வேலைதான்.

நீலமாகாத ரத்தம்

பருப்பு, முட்டை, பால் இவற்றில் உள்ள புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று டிரிப்டோஃபேன். செரித்தது போக மிஞ்சிப் பெருங்குடலுக்குப் போகும் டிரிப்டோஃபேனை அங்குள்ள பாக்டீரியாக்கள் 'இண்டோல்' என்ற பொருளாக மாற்றுகின்றன. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் செல்கள் அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து 'இண்டாக்சில்' ஆக்குகின்றன.

இங்கேதான் வேடிக்கை! அவுரி இலையை ஊறவைத்து நீலச்சாயம் எடுக்கிறார்கள் அல்லவா? அந்த இலை ஊறும்போது வெளிவருவதும் இதே இண்டாக்சில்தான். காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிவிடும்.

அப்படியானால் நம் ரத்தம் ஏன் நீலமாவதில்லை? கல்லீரல் சும்மா விடுவதில்லை. இண்டாக்சில் மீது சட்டென்று ஒரு சல்பேட்டை ஒட்டிவிடுகிறது. நீலமாகும் வழி அடைபட்டுவிடும். தண்ணீரிலும் நன்றாகக் கரையும். பிறகென்ன? சிறுநீரகங்கள் அதை வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் 'கிரசால்' என்ற கழிவுக்கும் இதே கதிதான்.

கண்டுபிடித்தவர்கள்

1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த யூஜின் பௌமான், கார்பாலிக் அமிலம் மருந்தாகக் கொடுக்கப்பட்ட நோயாளியின் சிறுநீரைச் சோதித்தார். அந்த மருந்து சல்பேட்டோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது!

ஆனால் சல்பேட் தானாகப் போய் ஒட்டாது. அதற்குத் தெம்பு வேண்டும். செல்லில் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டைச் செலவழித்துத்தான் அதைத் தயார் செய்ய முடியும். இப்படித் தெம்பேற்றிய சல்பேட் எது என்பதை 1950-களில் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் லிப்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிமல் குமார் பச்சாவத் என்ற விஞ்ஞானி, சல்பேட்டை ஒட்டும் நொதிகளையும் பிரிக்கும் நொதிகளையும் ஆராய்ந்தார். குழந்தைகளின் மூளை நரம்புகளைப் பாதிக்கும் ஓர் அரிய நோயில், சல்பேட்டைப் பிரிக்கும் நொதி குறைந்திருப்பதை 1963-ல் அவரது குழுவும் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் சேர்ந்து வெளியிட்டார்கள். ஒட்டவும் வேண்டும், ஒட்டியதை வேண்டிய இடத்தில் பிரிக்கவும் வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால்தான் உடம்பு நலமாக இருக்கும்.

கையிருப்பு தீர்ந்தால்?

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையையும் கல்லீரல்தான் வெளியேற்றுகிறது. உங்களைப் போன்ற சிறுவர்களின் உடம்பு அதற்குச் சல்பேட்டையே அதிகம் பயன்படுத்துகிறது. ஆனால் சல்பேட் கையிருப்பு குறைவு. மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்களிலிருந்து உடம்பு அதைத் தயாரிக்க வேண்டும்.

அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கினால் என்ன ஆகும்? கையிருப்பு தீர்ந்துவிடும். மிஞ்சிய மருந்தில் ஒரு பகுதி நச்சாக மாறிக் கல்லீரலையே தாக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். ஓரிரு நாள் கழித்துத்தான் ஆபத்து தெரியவரும். அதனால்தான், 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு. அதுவும் சிஸ்டீனிலிருந்து செய்ததுதான்!

நம் ஊரில் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போய்விடும் வீடுகள் நிறைய. காய்ச்சல் அடித்தால், நீங்களாக டப்பாவைத் திறந்து மாத்திரை போடாதீர்கள். 'காலையில் போட்டது கேட்கவில்லை' என்று இன்னொன்றும் போடாதீர்கள். தம்பி, தங்கைக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்குப் போன் செய்து கேளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரவும் பகலும் ஷிப்ட் மாறாமல், லீவும் கேட்காமல் வேலை பார்க்கிறது இந்தப் பட்டறை. அதற்குத் தாங்க முடியாத சுமையை ஏற்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. செய்வீர்கள்தானே?