கடற்கரைத் தூண்டிற்கோல்: ஆலையிற் செய்ததா, அளவெடுத்துக் கட்டியதா?

பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற திங்கள் எனக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். குவாந்தானை அடுத்த பெசேராவில் மகன் வீடு. இனி வாழ்வு அங்கேதான். அலைக்கு அப்பால் தூண்டில் வீசிப் பொழுது கழிக்க எண்ணம். கடையில் விற்கும் கோலை வாங்குவதா, கோல் கட்டுவோரிடம் சொல்லிச் செய்விப்பதா என்பது அவர் கேள்வி. பின்னதற்கு இரு மடங்கு விலை சொல்கிறார்களாம். “ஓய்வுப் பணத்தில் எடுப்பது, இரண்டாம் முறை வாங்க வழியில்லை” என்றும் எழுதியிருந்தார். விடுமுறைதோறும் கடற்கரை நாடும் ஆசிரியர் நம்மிற் பலர் ஆதலின், அவருக்கு எழுதிய விடையைச் சற்றே விரித்து இங்குத் தருகிறேன்.

தூண்டிற்கோல் நமக்குப் புதியதன்று. நீண்ட மூங்கிற் கழியில் நாண் கட்டி வாளைமீன் பிடிக்க முயலும் பாண்மகனைப் பெரும்பாணாற்றுப்படையிலேயே காண்கிறோம். ஆயினும் அது நீர்நிலையின் கரையில் நிற்பவன் கோல். அலைகடலில் வேலை வேறு. உடையும் அலைக்கு அப்பாலுள்ள பள்ளத்தில், 100 முதல் 150 கிராம் எடையுள்ள ஈயக்குண்டோடு இரையை எறிய வேண்டும். எறிந்த நரம்பை அலையின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். அதனாலேயே இக்கோல்கள் பெரும்பாலும் 12 அடி முதல் 14 அடி வரை நீள்கின்றன. மலாக்கா நீரிணைப் பக்கம், போர்ட் டிக்சன் போன்ற இடங்களில், அலை தணிந்திருப்பதால் இதனினும் குறுகிய கோல் போதும். நண்பர் போவதோ தென்சீனக் கடலோரம்.

மூங்கிலுக்குப் பின், இரண்டாம் உலகப் போரை அடுத்துக் கண்ணாடியிழைக் கோலும், 1970-களில் கரியிழைக் கோலும் வந்தன. கண்ணாடியிழை கனமானது, அடிபட்டாலும் பொறுக்கும். கரியிழை எடை குறைந்தது, விறைப்பானது, வளைந்தால் விரைந்து நிமிர்வது. ஆனால் பாறையில் மோதிக் கீறல் விழுந்தால், பின்னொரு நாள் அவ்விடத்திலேயே ஒடியக்கூடும். மின்சாரத்தையும் கடத்தும். இடி முழங்கும்போது அதை உயர்த்திப் பிடித்துக் கடற்கரையில் நிற்பது உயிருக்கே ஊறு. நம் நாட்டு மாலை மழையை அறிந்தவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். கையாற் கட்டிய கோல் என்றவுடன், முழுக் கோலையும் ஒருவர் உட்கார்ந்து உருவாக்குகிறார் என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பிசின் ஊட்டிய இழைத்துணியை, நுனி சிறுத்த எஃகுத் தண்டின்மேல் இறுகச் சுற்றி, உலையில் வைத்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தி, பின் எஃகை உருவிவிட்டால் உள்ளே கூடான வெறுந்தண்டு கிடைக்கிறது. இஃது ஆலை வேலை. கோல் கட்டுபவரும் பெரும்பாலும் இத்தகைய தண்டை விலைக்கு வாங்கியே தம் வேலையைத் தொடங்குகிறார். துணியை ஆலை நெய்ய, தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போன்றதே இதுவும். ஆகவே நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரிதும் அளவுக்காக. அளவெடுக்காத தையற்காரருக்குக் கூலி எதற்கு?

அந்த அளவுகளுள் தலையாயது ரீல் அமரும் இடம். வீசும்போது வலக்கை ரீலின் அருகே பற்றித் தள்ள, இடக்கை கோலின் அடிமுனையை நெஞ்சை நோக்கி இழுக்கிறது. இரு கைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு ஆளுக்கு ஆள் மாறும். நான் குறுகிய உருவினன். இளமையில் மிதிவண்டியிலிருந்து விழுந்து வலத்தோள் நொந்தவன். நான் முதலில் வாங்கிய ஆலைக்கோலில் அடிமுனையிலிருந்து ரீல் 82 சென்டிமீட்டரில் இருந்தது. வலக்கை முற்றும் நீண்டுவிடும். நீண்ட கைக்குத் தள்ளும் வலு ஏது? ஓராண்டு முழுதும் என் ஈயம் அலை உடையும் இடத்திலேயே விழுந்தது. பக்கத்தில் நின்ற மலாய்ச் சிறுவன் ஒருவன் தன் பழைய ஜோரானைக் கொண்டு என்னைத் தாண்டி எறிவான். வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, கோலை விற்கவும் துணிந்தேன். பின்னர் ஒரு முதியவர் சொற்கேட்டு, ரீலை 66 சென்டிமீட்டரில் ஒட்டுநாடாவால் இறுகக் கட்டி வீசினேன். தோளும் நோகவில்லை, ஈயமும் அலையைக் கடந்தது. அன்று கிடைத்தவை கையளவுக் கிழங்கான் மீன்கள் இரண்டே. இருந்தும் வீடு திரும்பும்வரை வாய் ஓயாமற் பேசினேன் என்று என் மனைவியார் இன்றும் சொல்வார்.

அடுத்தது வளையங்களின் இடம். துணியைச் சுற்றும்போது அதன் விளிம்பு ஒன்றன்மேலொன்று படிவதால், தண்டின் ஒரு பக்கம் சிறிது விறைத்துவிடும். இதை முதுகு என்போம். கோல் கட்டுபவர் தண்டை வளைத்து உருட்டி முதுகைக் கண்டறிந்தபின் வளையங்களை நிறுத்துவார். வேறு சிலர் தண்டு எப்பக்கம் நேராகத் தோன்றுகிறதோ அதையே கொள்வர். ஆலையில் ஒவ்வொரு தண்டுக்கும் இவ்வளவு நேரம் செலவிடுவது அரிது. பின்பு கோலின் அடியை அசையாமற் பொருத்தி, வளையங்களின் வழியே நரம்பை ஓட்டி இழுத்து, நரம்பு கோலின் வளைவை ஒட்டிச் செல்கிறதா என்று பார்த்து, வளையங்களை நகர்த்தி நகர்த்தி இடங்குறிக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்பவரே கோல் கட்டுபவர்.

செய்யாதவரும் உண்டு. நாடாவால் கட்டிய ரீல் தந்த துணிவில், ஒருவரிடம் 1,100 வெள்ளி கொடுத்துக் கோல் கட்டச் சொன்னேன். அவர் என் கையை அளக்கவில்லை; எப்படி வீசுவேன் என்றும் கேட்கவில்லை; நூல் சிவப்பா நீலமா, பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கலாமா என்று மட்டும் கேட்டார். நானும் மயங்கிப் பொன்னெழுத்துக்கு இசைந்தேன். வந்த கோல் கண்ணுக்கு விருந்து. ரீலோ 80 சென்டிமீட்டரில்! மழைக்காலத்து ஈரத்தில் பூசிய பிசின் வெண்மை படர்ந்து மங்கியது வேறு. அக்கோல் இன்றும் என் வீட்டுப் பரண்மேல் என் பெயரோடு கிடக்கிறது.

ஆலைக்கோலை இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஒரே வகையில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நுனித்துண்டு ஒடிந்தால், அவ்வகை விற்பனையில் உள்ளவரை மாற்றுத்துண்டு பெற வாய்ப்புண்டு. கட்டிய கோல் ஒடிந்தாலோ கட்டியவரையே தேடிப் போக வேண்டும். ஆலைக்கோலின்மேல் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஜப்பானியக் கோலில் 30-405 என்றிருந்தால், 405 என்பது சென்டிமீட்டரில் நீளம். 30 என்பது ஈய எடை. அவர்கள் கணக்கில் ஓர் எண்ணுக்கு 3.75 கிராம், ஆகவே 112.5 கிராம். அமெரிக்க, ஆங்கிலேயக் கோல்களில் எடையை அவுன்சில் குறிப்பர். 4 அவுன்சு ஏறத்தாழ 113 கிராம். ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனாலும் எண்ணைப் பாராமல் கனத்த ஈயம் கட்டி எறிந்து கோலை ஒடித்துக்கொண்ட பட்டதாரிகளையும் அறிவேன்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பிரிட்டனில் வழங்கும் கடற்கரைக் கோல்கள் சிலவற்றில் ரீலுக்கு நிலையான இருக்கை இராது. அடித்தண்டு வெறுமையாகவே இருக்கும். திருகுப் பிடிகளால் வேண்டிய இடத்தில் ரீலைப் பொருத்திக்கொள்ளலாம். என் போன்ற குறுங்கையர்க்கு இது பெரிய உதவி.

நண்பருக்கு எழுதியது இதுதான்: ஓய்வுப் பணத்தை இப்போது தொட வேண்டாம். 300, 400 வெள்ளியில் நடுத்தர ஆலைக்கோல் ஒன்றை, கூடுமானால் வெறுந்தண்டு அடியுள்ளதாகப் பார்த்து, வாங்குங்கள். அடிமுனையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வலக்கை முழங்கை சிறிது மடங்கியபடி தண்டின்மேல் விழும் இடத்தில் ரீலைப் பொருத்தி வீசிப் பாருங்கள். கைக்கு இணங்கும்வரை மேலும் கீழும் நகர்த்தி, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுதும் வீசிய பின்னும் குறை தெரிந்தால், அந்த அளவோடு கோல் கட்டுபவரிடம் செல்லுங்கள்; அவர் முதலில் நூலின் நிறத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து மார்ச்சுத் திங்களில் கடல் தெளியும்போது நானும் பெசேராவுக்கு வருகிறேன். பரண்மேலுள்ள கோலையும் கொண்டுவருகிறேன். தங்கள் மகன் நெடிய உருவினர் என்று கேள்வி, அவர் கைக்கு அது பொருந்தினாலும் பொருந்தும்.