கண்டன்சர் மேல இருக்கிற எண்ணைப் படிப்பது எப்படி?

வில்லியனூர், பாகூர் பக்கம் கண்டன்சர்னு சொன்னா ரெண்டுதான் நினைவுக்கு வரும்: ஃபேனில் இருப்பது, போர் மோட்டார் பெட்டியில் இருப்பது. சார்ஜர், எல்இடி பல்பு, ரேடியோ எதைப் பிரித்தாலும் இன்னும் பல வகை கிடைக்கும். அவற்றைப் படிப்பது பற்றிய என் குறிப்புகள் இவை. எண் மட்டும் பொருந்தினால் போதாது என்பதுதான் முக்கியம்.

சின்ன வட்டு, பச்சை வகை: 104 என்றால் 10, அதன் பின்னால் நாலு சுழியம், அலகு பிக்கோஃபாரட். ஆக 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 474 என்றால் 0.47. வெறும் 47 என்றிருந்தால் 47 பிக்கோஃபாரட்தான்.

கடைசி எழுத்து, மதிப்பு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதைச் சொல்லும்: ஜே 5%, கே 10%, எம் 20%. 104கே-யில் உள்ள கே 'கிலோ' இல்லைங்க!

முன்னால் 2ஏ இருந்தால் 100 வோல்ட் டிசி, 2ஜி என்றால் 400. நம்ம வீட்டு 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த லைனில் நேரா நிற்கிற இடத்தில் 2ஏ104ஜே போட்டால் தாங்காது.

ஃபேன்: 2.5 மைக்ரோஃபாரட், 5%, 440 வோல்ட் ஏசி என்று நேராகவே எழுதியிருக்கும். மீட்டரில் 2.38 முதல் 2.62 வரை காட்டினால் நல்லது. 1.6 காட்டினால் ஃபேன் மெதுவா சுத்துவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். வேகம் வேணும்னு 3.15 போடாதீங்க, காயில் சூடேறும்.

போர் மோட்டார்: சிங்கிள் பேஸ் பெட்டி பலவற்றில் ரெண்டு இருக்கும். 36 போல ஒரே எண் போட்டது ரன் கண்டன்சர். மோட்டார் ஓடுகிற வரை லைனில் இருக்கும். 100–120 என்று வரம்பு போட்டது ஸ்டார்ட் கண்டன்சர். சில நொடிதான் வேலை. எம்எஃப்டி என்றிருந்தாலும் மைக்ரோஃபாரட்தான். நாற்றுக்குத் தண்ணி பாய்ச்சுற அவசரத்தில் ரன் இடத்தில் ஸ்டார்ட்டை மாட்டினால் அது சீக்கிரமே வெடிக்கும், வைண்டிங்கும் போகலாம். புதுசா காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் கண்டன்சர் விலை ஒண்ணுமே இல்லை.

தொடுவதற்கு முன் மெயினை அணைத்து, ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் ரெண்டு வயரையும் கண்டன்சர் முனைகளில் சில நொடி வைத்து சார்ஜை இறக்குங்க. பிறகு கழற்றி மீட்டரில் வைங்க. கடைக்குப் போகும்போது பழசையும் கையோடு எடுத்துப் போங்க.