ஓட்டைக் கூரைதான் சட்டம்: யூதர்களின் சுக்கா எப்படிக் கட்டப்படுது?

இன்னிக்கு எபிசோடில் நாம பார்க்கப்போறது ஒரு கட்டட விதிமுறை. இதை எழுதினது எந்த மாநகராட்சியும் இல்லை. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி தொகுக்கப்பட்ட மிஷ்னா என்கிற யூதச் சட்ட நூலில் இது இருக்கு. கட்டடத்தோட பேர் சுக்கா. மட்டன் சுக்கா ஞாபகம் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை, இது எபிரேயச் சொல்.

வழக்கமா ஒரு கட்டட விதி என்ன சொல்லும்? கூரை பலமா இருக்கணும், ஒழுகக் கூடாது. இந்த விதிமுறையில் அதுவே சிக்கல். கூரை ரொம்ப நல்லா இருந்தா கட்டடம் செல்லாமப் போயிடலாம். ஏன் அப்படின்னு பார்க்கலாம் வாங்க.

கூடாரப் பண்டிகை, ஆனா கூடாரம் செல்லாது

முதல்ல பின்னணி. பைபிளில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை வருது. எகிப்திலிருந்து வெளியேறின இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தற்காலிகக் குடில்களில் தங்கினாங்க. அது பின்வரும் தலைமுறைகளுக்குத் தெரியணும், அதனால வருஷத்துக்கு ஏழு நாள் நீங்களும் அப்படித் தங்கணும் என்பதுதான் கட்டளை. யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15-ஆம் தேதி தொடங்குற இந்த விழாவுக்கு சுக்கோத் என்று பேர். நம்ம நாட்காட்டியில் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் வரும். அந்த நாட்களில் சாப்பாடு சுக்காவுக்குள்ளதான். பல பேர் தூங்குறதும் அங்கேதான்.

தமிழ் பைபிள் இதைக் கூடாரப் பண்டிகைன்னு சொல்லுது. வேடிக்கை என்னன்னா, துணிக்கூரை போட்ட ஒரு கூடாரத்தை நீங்க அடிச்சா அது சுக்காவாகச் செல்லாது. பந்தல் என்கிற சொல்தான் இதுக்குக் கொஞ்சம் கிட்ட வரும். அதுக்குக் காரணம் கூரை. சுக்கா என்கிற பேரே 'மூடுதல்' என்கிற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கூரைப் பொருளுக்கு ஸ்காக் என்று பேர், அதுவும் அதே வேர்தான். கூரை சரியா இல்லைன்னா சுக்காவே இல்லை.

கூரைக்கு மூணு கண்டிஷன்

ஒண்ணு, அது மண்ணிலிருந்து முளைச்ச பொருளா இருக்கணும். தகரம், பிளாஸ்டிக், தோல் எல்லாம் அவுட்.

ரெண்டு, அது மண்ணிலிருந்து வெட்டப்பட்டிருக்கணும். உயிரோட இருக்கிற திராட்சைக் கொடியையோ சுரைக்கொடியையோ மேலே படர விட்டு, இதுதான் என் கூரைன்னு சொல்ல முடியாது.

மூணாவதுதான் சுவாரசியம். அது ஒரு சாமானா, பாத்திரமா, கருவியா மாறியிருக்கக் கூடாது. யூதச் சட்டத்தில் மனுஷன் பயன்படுத்துற சாமான்களுக்குத் தீட்டு ஏற்படும். அப்படித் தீட்டு ஏற்கக்கூடிய எதுவும் கூரையாகாது. அதனால மரப்பலகையில் செஞ்ச கட்டிலைத் தூக்கி மேலே போட முடியாது, அது மரமாவே இருந்தாலும். பாய் விஷயத்தில் மிஷ்னா இன்னும் நுணுக்கமாப் பிரிக்குது. படுக்கிறதுக்காக நெய்த பெரிய நாணல் பாய் கூரைக்கு ஆகாது, மூடுறதுக்காகவே நெய்தது ஆகும். பார்க்க ரெண்டும் ஒரே பாய்தான். எதுக்காகச் செஞ்சாங்க என்பதுதான் தீர்ப்பை மாத்துது.

மிச்சம் என்ன இருக்கு? ஓலை, கிளை, நாணல், மூங்கில், சோளத்தட்டை. தல்மூத் இதுக்கு ஒரு காரணம் காட்டுது. சுக்கோத் என்பது அறுவடை முடிஞ்சு களத்திலும் திராட்சை ஆலையிலும் விளைச்சல் சேர்ந்த நேரத்தில் வர்ற விழா. அந்தக் களத்திலும் ஆலையிலும் ஒதுக்கித் தள்ளின கழிவுகளிலிருந்துதான் கூரை வரணும்னு உபாகமத்தின் ஒரு வசனத்தை அவங்க வாசிக்கிறாங்க. தானியம் குதிரில் போயிடுச்சு, தலைக்கு மேல தட்டைதான்.

இன்னிக்கு இஸ்ரேலில் பேரீச்சை ஓலை போடுறாங்க, அமெரிக்காவில் சோளத்தட்டை போடுறாங்க. எல்லா ஊரிலும் மூங்கில் பாய் கடையில் கிடைக்குது, ரபிகளின் சான்றிதழோட.

நிழலும் வேணும், நட்சத்திரமும் தெரியணும்

சரி, எவ்வளவு அடர்த்தியாப் போடுறது? கீழே விழுற வெயிலைவிட நிழல் அதிகமா இருக்கணும், இது கண்டிப்பான விதி. அந்தப் பக்கம் இன்னொரு எல்லையும் இருக்கு. ராத்திரியில் நட்சத்திரம் தெரியுற அளவுக்கு இடைவெளி விடுறது நல்லது. தெரியலைன்னாலும் சுக்கா செல்லும். ஆனா பெருமழைகூட உள்ளே வராத அளவுக்குக் கூரை அடர்த்தியா இருந்தா அது வீடு மாதிரி ஆயிடுச்சு, செல்லாது என்று இடைக்கால அறிஞர் ரபேனு தாம் சொன்னார். இந்தக் கருத்தைப் பல பேர் பின்பற்றுறாங்க.

கட்டுற வரிசையும் முக்கியம். மிஷ்னாவில் ஒரு உதாரணம். ஒரு பெரிய வைக்கோல் போர் இருக்கு. நீங்க அதைக் குடைஞ்சு உள்ளே ஒரு அறை மாதிரி ஆக்கிட்டீங்க. மேலே வைக்கோல், நிழல் இருக்கு, எல்லாம் மண்ணில் விளைஞ்சதுதான். இருந்தும் செல்லாது! கூரையை நீங்க போடலை, அது தானா மிஞ்சிடுச்சு. கட்டளை 'செய்' என்று சொல்லுது, ஏற்கெனவே செஞ்சு கிடக்கிறதை எடுத்துக்கச் சொல்லலை என்பது ரபிகளின் வாதம். அதனாலதான் முதல்ல சுவர், அப்புறம் கூரைன்னு வேலை செய்றாங்க. கடைசியா ஓலையைப் போடுறப்போதான் அந்த இடம் சுக்காவா மாறுது.

சுவருக்கு யானைகூட ஓகே

கூரையில் இவ்வளவு கெடுபிடி காட்டின சட்டம், சுவர் விஷயத்தில் ரொம்பத் தாராளம். கல், கண்ணாடி, பிளைவுட், இறுக்கிக் கட்டின துணி, உங்க வீட்டுச் சுவர், எதுவும் சரி. நாலு சுவர் தேவையில்லை. ரெண்டு முழுச் சுவரும், மூணாவதா ஒரு கையகலத்துக்குச் சரியான இடத்தில் நிறுத்தின துண்டும் இருந்தாலே அடிப்படைச் சட்டத்துக்குப் போதும்.

ஒரு கையகலம் என்பது எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். மூணு கையகலத்துக்குக் குறைவான இடைவெளி எல்லாம் அடைபட்டதாகவே கணக்கு. அப்படின்னா சரியான இடைவெளியில் கயிறுகளை இழுத்துக் கட்டினாலே அது ஒரு சுவர்!

மிருகத்தைச் சுவரா நிறுத்தலாமா? இந்தக் கேள்வியில் ரபி மேயிர் கூடாதுங்கிறார், ரபி யூதா கூடும்ங்கிறார். தல்மூத் அதோட நிற்கலை. கட்டிப் போட்ட யானையா இருந்தா? அது செத்து விழுந்தாலும் அதன் உடம்பு பத்துக் கையகல உயரம் இருக்கும். சுவருக்குக் குறைந்தபட்ச உயரமே அவ்வளவுதான். அதனால யானை பிரச்சினை இல்லை! சிரிப்பு வருது இல்லையா? ஆனா அவங்க கேட்கிறது நியாயமான கேள்விதான்: எழுந்து போயிடக்கூடிய ஒண்ணைச் சுவர்னு நம்பலாமா?

அளவுகளையும் சொல்லிடறேன். உள்ளே குறைந்தபட்சம் ஏழு கையகலம் நீளம், ஏழு கையகலம் அகலம். ஒரு ஆளோட தலையும் உடம்பில் பெரும்பகுதியும் ஒரு சின்ன மேஜையும் அடங்குற இடம். அதிகபட்ச உயரம் இருபது முழம், கிட்டத்தட்ட பத்து மீட்டர்.

இருபது முழத்துக்கு மேல போனா?

ஏன் இந்த உச்சவரம்பு? தல்மூத்தில் மூணு பேர் மூணு பதில் சொல்றாங்க. ராபா சொல்றது: கூரை அவ்வளவு உயரத்தில் இருந்தா கண் அங்கே போகாது, நாம சுக்காவில் இருக்கோம்ங்கிற நினைப்பே வராது. ரபி செய்ரா சொல்றது: அப்போ நிழல் கூரையிலிருந்து வராது, சுவரிலிருந்துதான் வரும். ராவா சொல்றது: அவ்வளவு உயரத்துக்குக் கட்டணும்னா நிலையான வீட்டைத்தான் கட்டணும், கட்டளையோ நிலையான வீட்டை விட்டுத் தற்காலிகமான இடத்துக்குப் போகச் சொல்லுது.

இதுக்கு எதிர்ப்பும் இருந்தது. ரபி யூதா உயரமான சுக்காவும் செல்லும்ங்கிறார். அவர் காட்டின சாட்சி ஒரு ராணி. இன்றைய வட இராக்கில் இருந்த அதியாபேனே நாட்டின் ராணி ஹெலனி, முதல் நூற்றாண்டில் யூத மதத்துக்கு மாறினவர். லோத் ஊரில் அவருடைய சுக்கா இருபது முழத்துக்கு மேல இருந்ததாம். பெரியவங்க எல்லாம் உள்ளே போய் வந்தாங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. மத்தவங்க பதில் என்ன? பெண்களுக்கு இந்தக் கட்டளை கட்டாயமில்லை, அதனால அவரை உதாரணமாக் காட்ட முடியாது. ரபி யூதா விடலை: அவருக்கு ஏழு பிள்ளைகள் இருந்தாங்களே! ஆனா கடைசியில் நிலைச்சது இருபது முழம்தான்.

காத்துக்கும் மழைக்கும் எவ்வளவு தாங்கணும்?

ரபி அகிவாவும் ரபான் கமாலியேலும் கப்பலில் போறாங்க. அகிவா கப்பலின் முகப்பில் ஒரு சுக்கா கட்டுறார். மறுநாள் காத்து அடிச்சு அதைத் தூக்கிட்டுப் போயிடுது. எங்கே அகிவா உன் சுக்கான்னு கமாலியேல் கேட்கிறார். இதைக் கிண்டலா மட்டும் எடுத்துக்கக் கூடாது. கடலில் கட்டினா கடல் காத்தைத் தாங்கணும் என்பது கமாலியேல் கருத்து. தரையில் அடிக்கிற சாதாரணக் காத்தைத் தாங்கினாப் போதும் என்பது அகிவா கருத்து. சுக்கா பறந்து போச்சு, ஆனா சட்டத்தில் ஜெயிச்சது அகிவாதான். சாதாரணக் காத்துக்கு நிற்கணும், புயலுக்கு நிற்கத் தேவையில்லை.

மிஷ்னா வண்டி மேலேயும் சுக்கா கட்டலாம்னு அனுமதிக்குது. நியூயார்க் தெருக்களில் பிக்கப் வண்டியின் பின்னாடி சுக்கா ஊர்ந்து போறதை நீங்க பார்த்தா, அதுக்குப் பின்னால் இருக்கிறது இந்தப் பழைய விதிதான்.

மழை வந்தா? கூரை ஒழுகும், அதுக்காகத்தானே அப்படிப் போட்டது. மிஷ்னாவின் அளவுகோல்: தட்டில் இருக்கிற கூழ் கெட்டுப்போற அளவுக்குத் தூறல் விழுந்தா எழுந்து வீட்டுக்குள்ள போயிடலாம். குளிர், கொசு, நாத்தம்னு நிஜமாவே அவதிப்படுறவங்களுக்கும், நோயாளிகளுக்கும், அவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கும் விலக்கு உண்டு. விலக்கு இருந்தும் வீம்புக்கு நனைஞ்சிக்கிட்டு உட்காருறவரைச் சட்ட நூல்கள் அறிவில்லாதவர்னுதான் சொல்லுது. முதல் ராத்திரிக்கு மட்டும் சில சமூகங்களில் வேற வழக்கம் இருக்கு.

இந்த விதிகளைச் சேர்த்துப் பாருங்க. பாதுகாப்பு கொஞ்சம் குறையணும், ஆனா யாரும் வதைபடக் கூடாது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைத்தான் இந்தச் சட்டம் சென்டிமீட்டர் கணக்கில் அளந்து வெச்சிருக்கு.

அபார்ட்மெண்ட்டில் என்ன பண்றது?

மரத்தடியில் கட்டின சுக்கா வீட்டுக்குள்ள கட்டினதுக்குச் சமம், செல்லாதுன்னு மிஷ்னா சொல்லுது. உங்களுக்கும் வானத்துக்கும் நடுவில் வேற கூரை இருக்கக் கூடாது. இப்போ அபார்ட்மெண்ட்டை யோசிங்க. உங்க பால்கனிக்கு மேலே மாடி வீட்டுக்காரர் பால்கனி. அங்கே கட்டினா செல்லாது. இதனாலதான் ஜெருசலேமில் பக்தி மிகுந்த யூதர்கள் வாழுற பகுதிகளில் பால்கனிகளை ஒண்ணுக்கு நேர் மேலே ஒண்ணு வராம விலக்கி விலக்கிக் கட்டுறாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வானம்.

வானம் கிடைச்சாலும் அசோசியேஷன் விடணுமே! கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் நார்த்கிரெஸ்ட் வழக்குன்னு ஒண்ணு நடந்தது. ஒரு சொகுசு குடியிருப்பு. பால்கனியில் எதுவும் கட்டக் கூடாதுன்னு விதி, வீடு வாங்கினவங்க எல்லாரும் அதுக்கு உட்பட்டவங்க. சில யூதக் குடும்பங்கள் பால்கனியில் சுக்கா போட்டாங்க. நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. தோட்டத்தில் எல்லாருக்கும் பொதுவா ஒரு சுக்கா வெச்சுக்கலாம்னு யோசனையும் வந்தது. குடும்பங்கள் ஒத்துக்கலை, தங்களுக்குன்னு தனிச் சுக்கா வேணும்னாங்க.

யூதச் சட்டப்படி பார்த்தா, இரவல் சுக்காவில் உட்கார்ந்தாலும் கடமை நிறைவேறிடும். ஒரே சுக்காவில் இஸ்ரவேலர் எல்லாரும் உட்காரலாம்னுகூட தல்மூத் சொல்லுது. அப்போ தனிச் சுக்கா கட்டாயமா? கீழ்க் கோர்ட்டில் இதுக்கு நிபுணர் சாட்சியமே எடுத்தாங்க, குடும்பங்கள் தோத்தாங்க. மேல்முறையீட்டிலும் தோல்வி.

2004-இல் கனடா உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பைத் திருப்பியது. பெரும்பான்மைக்காக எழுதின நீதிபதி யாக்கோபுச்சி சொன்னதன் சாரம்: மதச் சட்டம் எதைக் கட்டாயமாக்குதுன்னு முடிவு பண்றது கோர்ட்டோட வேலை இல்லை. இந்த மனுஷன் அதை உண்மையா நம்புறாரா என்பதைத்தான் கோர்ட் பார்க்கணும். அவசரகால வழியை மறைக்காம, வருஷத்துக்குச் சில நாள் இருந்துட்டுப் போற ஒரு குடிலால் அக்கம்பக்கத்தாருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. எதிர்த்து எழுதின நீதிபதி பின்னி கேட்டது வேற: விதியைத் தெரிஞ்சு கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினீங்க, உங்க வாக்கை நம்பின பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆவார்?

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு இது. உங்க அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்பில் இப்படி ஒரு பிரச்சினை வந்தா நீங்க எந்தப் பக்கம் நிற்பீங்க? எங்களுக்கு எழுதுங்க.

கடைசியா ஒரு விஷயம். இந்த விழாவில் விருந்தாளிகளை வரவேற்கிறது பெரிய வழக்கம். வெளிநாட்டில் வேலை பார்க்கிற நண்பர்களே, அக்டோபர் வாக்கில் யூத நண்பர் யாராவது கூப்பிட்டா தாராளமாப் போங்க. உள்ளே உட்கார்ந்ததும் அண்ணாந்து பாருங்க, ஓலை இடுக்கில் நட்சத்திரம் தெரியுதான்னு. ஒரு ஜாக்கெட் மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, ராத்திரியில் குளிரும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.