மேற்கிந்தியத் தீவுகளில் ஆசிரியப் பயிற்சியும் போதகரின் அதிகாரமும்

1834-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளன்று பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவுகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அன்டிகுவா போன்ற ஓரிரு இடங்கள் நீங்கலாக, ஏனைய தீவுகளில் 'தொழில் பழகும் காலம்' என்னும் பெயரால் கட்டாய உழைப்பு 1838 வரை நீடித்தது. விடுதலை பெற்றோர் முதலாவது நாடியவை இரண்டு: சொந்த நிலமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும். நிலத்தைத் தோட்ட முதலாளிகள் எளிதில் விட்டுவிடவில்லை. பள்ளியைத் திறக்க மிஷன்கள் முன்வந்தன; ஆயினும் கற்பிக்க ஆள் இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஆசிரியரை வருவிப்பது பெருஞ்செலவு. வந்தோரில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆகவே நேற்றுவரை அடிமையாயிருந்தவனின் மகனையே ஆசிரியனாக்க வேண்டியதாயிற்று. திருச்சபை வரலாற்றில் இதன் பொருளை நாம் இன்னும் போதிய அளவு சிந்திக்கவில்லை எனத் தோன்றுகிறது.

இத்தேவைக்கு உதவிய பணம் வந்த வழி வியப்புக்குரியது. 1670-இல் மறைந்த ஜேன் மைக்கோ என்னும் இங்கிலாந்துச் சீமாட்டி, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையரிடம் அடிமைப்பட்ட கிறிஸ்தவரை மீட்பதற்கென 1,000 பவுன் எழுதிவைத்தார். காலப்போக்கில் அவ்வாறு மீட்கப்படவேண்டியவர் இல்லாமற்போயினர். பணமோ வட்டியோடு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அடிமை ஒழிப்புக்காகப் பாராளுமன்றத்தில் போராடிய தாமஸ் பவல் பக்ஸ்டன் முதலானோர், விடுதலையானவர்களின் கல்விக்கு இதனைச் செலவிடலாம் என வாதாடி நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றனர். 1836-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் மைக்கோ கலாசாலை தொடங்கிற்று. அன்டிகுவாவிலும் ஒரு கலாசாலை எழுந்தது. அரசாங்க மானியம் 1845-இல் நின்றபோது மைக்கோ அறநிலையம் தன் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, ஆசிரியப் பயிற்சியை மட்டும் பற்றிக்கொண்டது. அம்முடிவே அதனைக் காப்பாற்றியது என்பது எமது கருத்து. கிங்ஸ்டன் கலாசாலை 2006-இல் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் நிலையை எய்தி இன்றும் இயங்கிவருகிறது.

மைக்கோவின் விதி ஒன்று அக்காலப் போதகர் பலருக்கு உவப்பாயில்லை. வேதாகமம் கற்பிக்கப்படும், எந்த ஒரு சபைப்பிரிவின் தனிக்கோட்பாடும் கற்பிக்கப்படமாட்டாது. பாப்திஸ்து மாணவனும் வெஸ்லியன் மாணவனும் ஒரே மேசையில் உண்டு, ஒரே வகுப்பில் அமர்ந்தனர். பிரிவுகளோ தத்தமக்கென்று பயிற்சியிடங்களை நாடின. பாப்திஸ்து மிஷன் 1843-இல் ரியோ புவேனோவில் நிறுவிய கலபார் கல்லூரி, போதகரையும் பள்ளியாசிரியரையும் ஒரே கூரையின்கீழ் பயிற்றுவித்தது. மொரேவியர் 1861-இல் பெண்களுக்கென ஏற்படுத்திய பயிற்சிப் பள்ளியே இன்றைய பெத்லகேம் மொரேவியன் கல்லூரி.

பயின்று வெளிவந்தவன் எங்கே போனான்? சபை நடத்திய கிராமப் பள்ளிக்கு. அப்பள்ளியின் தாளாளர் போதகரே. நியமிப்பவரும் விலக்குபவரும் அவரே. பள்ளியாசிரியன் வாரநாளில் கற்பிப்பான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியை நடத்துவான், ஆர்மோனியம் வாசிப்பான், போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கமும் செய்வான். இவற்றுக்குத் தனிக்கூலி எதிர்பார்ப்பது பக்திக்குறைவு எனக் கருதப்பட்டது. 1867-இல், முன்னர் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னராயிருந்த ஜான் பீட்டர் கிராண்ட் ஜமைக்காவை ஆண்டபோது, பரீட்சை முடிவுக்கேற்ற மானியம் என்னும் ஏற்பாடும் வந்தது. கண்காணிப்பாளர் வரும் நாளில் பிள்ளைகள் தடுமாறினால் ஆசிரியனின் வருமானம் குறையும். மேலே கண்காணிப்பாளர், அருகே போதகர் என அவன் இருவருக்கு அஞ்சி வாழ்ந்தான். 1894-இல் ஜமைக்கா ஆசிரியர் சங்கம் தோன்றியபோது தாளாளரின் எதேச்சாதிகாரம் அதன் குறைகளுள் ஒன்றாயிருந்ததில் வியப்பில்லை. சபைப்பள்ளிகளின் தாளாளர் நாற்காலியில் அமர்ந்தவர் நம்மிலும் உண்டு. ஆகவே அச்சங்கத்தின் மீது கல்லெறிய நமக்குக் கூச்சமிருக்கவேண்டும்.

டிரினிடாட் தீவில் இக்கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்றவர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். அத்தீவில் ஆளுநராயிருந்து சமயபோதனையற்ற அரசாங்கப் பள்ளிகளை நிறுவிய ஹாரிஸ் பிரபுவே 1854-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். ஆனால் இந்தியர் தம் பிள்ளைகளை அப்பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்கினர். கனடாவின் பிரஸ்பிடேரியன் ஊழியரான ஜான் மார்ட்டன் 1868-இல் வந்து, இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி தொடங்கி, இந்தி மொழியில் சுவிசேஷம் அறிவித்தார். பள்ளிகள் பெருகவே, 1894-இல் சான் பெர்னாண்டோவில் நாபரீமா பயிற்சிக் கலாசாலை அமைந்தது.

கரும்புத் தோட்டத்துக் கூலியின் மகன் வெட்டுக்கத்தியை விட்டு மதிப்புள்ள தொழிலுக்குச் செல்ல நெடுங்காலம் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில. அவற்றுள் மிஷன் பள்ளியின் ஆசிரியப்பணி முதன்மையானது. அவ்வாசலிலே ஞானஸ்நானத் தொட்டி நின்றது. இந்துவாகவோ முகம்மதியனாகவோ இருந்துகொண்டு மிஷன் பள்ளியில் ஆசிரியனாவது அரிது. ஆதலின் பலர் ஞானஸ்நானம் பெற்றனர், கிறிஸ்தவப் பெயர் சூடினர். அவர்களுள் மெய்யாகவே கர்த்தரைக் கண்டுகொண்டு, பேரப்பிள்ளைகள்வரை விசுவாசத்தில் நிலைத்த குடும்பங்கள் உண்டு. பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாய் வாழ்ந்தோரும் உண்டு. முந்தியவரைக் காட்டிப் பிந்தியவரை மறைப்பது நேர்மையாகாது. சம்பளத்தோடு கட்டிக்கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தில், பெற்றவனைக் காட்டிலும் கொடுத்தவனின் மனச்சாட்சியே முதலில் விசாரிக்கப்படவேண்டும் என்கிறோம். 1950-களில் இந்து, முஸ்லிம் அமைப்புகள் அரசு உதவியுடன் தமக்கென்று பள்ளிகளைக் கட்டத் தொடங்கியபோது, அவற்றின் முதல் ஆசிரியர்களைத் தேடுகையில் மிஷன் பயிற்றுவித்தவர்களின் பக்கமும் பார்க்கவேண்டியிருந்தது. சபை விதைத்ததைப் பிறர் அறுத்தனர் என அன்று சிலர் மனம் வருந்தினர். வருந்த வேண்டியது அதற்காக அன்று.

பின்னர் அதிகாரம் படிப்படியாக இடம் மாறிற்று. ஜமைக்காவில் 1965-இல் ஏற்பட்ட கூட்டுக் குழுவின் வாயிலாக, ஆசிரியச் சான்றிதழின் தரத்தை மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் மேற்பார்வையிடலாயிற்று. சபை நடத்தும் கல்லூரியில் பயின்றாலும் சான்று பொதுவானது. அதே 1965-இல் மாண்டவில் நகரில் ஆங்கிலிக்கன் சபை புதிதாக ஒரு ஆசிரியர் கல்லூரியைத் திறந்தது. நியமன உரிமை கைநழுவிய பின்னும் பயிற்றுவிக்கச் சபை முன்வந்ததை நாம் ஒரு முதிர்ச்சியாகவே காண்கிறோம்.

டிரினிடாடில் 1960-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் அரசாங்கத்துக்கும் சபைகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி சபைப்பள்ளிகளின் ஆசிரியரை நியமிப்பதும் ஊதியம் அளிப்பதும் அரசின் பொறுப்பு. ஆயினும் சமய, ஒழுக்கக் காரணங்களின்பேரில் ஒருவரை மறுக்கும் உரிமை சபைக் கல்விக் குழுவிடம் விடப்பட்டது. பழைய தாளாளரின் அதிகாரத்தில் எஞ்சியது இவ்வளவே. ஒழுக்கக் காரணம் எது, போதகரின் தனிமனக்கசப்பு எது என அக்குழுவின் மேசையில் பிரித்தறிய வேண்டியவர்களும் போதகர்களே.