வாடைக் காற்றில் சைக்கிள்

ஐப்பசி பிறந்ததும் சென்னையை அடுத்த நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சைக்கிள்கள் உறை போட்டு ஓரங்கட்டப்படுகின்றன. பொங்கல் கழிந்துதான் பல சைக்கிள்கள் மறுபடி வெளியே வருகின்றன. இந்தக் கடற்கரையில் மிதிப்பதற்கு ஆண்டிலேயே தோதான மாதங்களை இப்படிக் கைவிடுகிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையின் தார் அனலடிக்கும். கேளம்பாக்கம் போய்த் திரும்புவதற்குள் உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வற்றிவிடும். கார்த்திகையிலோ பகலிலும் 30 டிகிரியைத் தாண்டாத நாட்கள் நிறைய.

மழைதானே தடை? இந்தக் கடலோரத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது என்பது உண்மை. ஆனால் அது எந்த நேரத்தில் பெய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? புயல், தாழ்வு மண்டலம் இல்லாத சாதாரணப் பருவமழை நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடியற்காலையில்தான் பெரும்பாலும் வலுக்கும். இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றோடு கரையோரத்தில் மோதுகிறது. மேகம் அங்கேதான் திரள்கிறது. வெயில் ஏற ஏற மழை தளர்ந்துவிடும்.

நம் சைக்கிள்காரர்களோ கோடையில் பழகிய வழக்கப்படி நாலரை, ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள். கொட்டுகிறது. திரும்பப் படுத்துவிடுகிறார்கள். எட்டு மணிக்கு வானம் வெளுத்துக் கிடப்பதை அலுவலகம் கிளம்பும்போது பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது கிளம்பும் நேரத்தை. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் புறப்பட்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை; இந்த மாதங்களில் பத்து மணி வெயில்கூட இதமானதுதான். கிளம்பும் முன் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ராடார் படத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்காவது பயமில்லை.

நாவலூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். படூர், கேளம்பாக்கம் தாண்டி இடப்பக்கம் கோவளம் சாலையில் திரும்பினால் இருபுறமும் உப்பங்கழி. மழைக்காலத்தில் இங்கே நின்றுதான் ஆக வேண்டும். கூழைக்கடாவும் நாரையும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் இறங்கியிருக்கும். தென்சென்னையில் பெய்த மழையில் பெரும்பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, இந்தக் கழியின் முகத்துவாரமான முட்டுக்காடு வந்துதான் கடலைத் தொடுகிறது. இரவு நல்ல மழையென்றால் காலையில் கழிமுகத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். காரில் போகிறவருக்கு இது கண்ணில் படுவதற்குள் கோவளம் வந்துவிடும்.

கோவளத்திலிருந்து தெற்கே திருவிடந்தை, நெம்மேலி, சாளுவன்குப்பம் என்று போகும்போது முதுகுக்குப் பின்னால் வாடைக் காற்று தள்ளும். வேகத்தைப் பார்த்து நமக்கே கால் வலுத்துவிட்டதோ என்று தோன்றும். நம்பாதீர்கள். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். ஒரு மணி நேரத்தில் போன தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். தெம்பில் பாதிக்கு மேல் திரும்பும் வழிக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். காற்றோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் தையூர் ஏரிப் பக்கம் போய் வரலாம்.

சைக்கிளுக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. மட்கார்டு கட்டாயம், முதுகில் சேறு படாமலிருக்க மட்டுமல்ல, பின்னால் வருபவர் முகத்தில் தெறிக்காமலிருக்கவும். ரிம் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது. ரிம்மில் உள்ள தண்ணீரைப் பிரேக் கட்டை வழித்தெடுத்த பிறகுதான் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே மெல்ல அழுத்திவர வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள் மீது வளைந்து திரும்பாதீர்கள். ரெக்சின் மழைக்கோட்டு வேண்டாம், உள்ளே வேர்வையில் நனைவீர்கள். காற்றைத் தடுக்கும் மெல்லிய சட்டை போதும். பின்விளக்கு பகலிலும் எரியட்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள். மழை நீரை விட இங்கே கடற்காற்றின் உப்புதான் இரும்பைத் தின்கிறது. பருவம் முடிந்ததும் கடையில் கொடுத்து ஓவர்ஹால் செய்துவிட்டால் அடுத்த மழை வரை கவலையில்லை.

எந்த நாளில் போகவே கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. சிவப்பு எச்சரிக்கை என்றால் சைக்கிளைத் தொடாதீர்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில், மூழ்கியது நம் பக்கம். புயல் போன மறுநாள் வேடிக்கை பார்க்கக் கிளம்புவதும் தவறு. அறுந்த மின்கம்பி கிடக்கும். தேங்கிய நீரில் காலில் சிறு சிராய்ப்பு இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்ற வழியுண்டு.

இவையெல்லாம் நம் கையில் இருப்பவை. சாலை அப்படியல்ல. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ பணிக்காக ஓ.எம்.ஆரில் தடுப்பு வைத்து, இருக்கும் இடத்தையும் குறுக்கிவிட்டார்கள். மெட்ரோ வரட்டும், நமக்கும் வேண்டும். ஆனால் தோண்டிய இடம் மழைத்தண்ணீரில் மூழ்கியதும் குழி எது, சாலை எது என்று தெரிவதில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் யாராவது ஒரு மரக்கிளையை ஒடித்துக் குழியில் நட்டு, சிவப்புத் துணி கட்டி வைக்கிறார். வார இறுதியில் உல்லாசமாக மிதிப்பவன் அந்தப் பாதையைத் தவிர்த்துவிடலாம். இரவுப் பணி முடிந்து இதே ஓ.எம்.ஆரில் சைக்கிளில் வீடு திரும்பும் காவலாளிகளும் கட்டடத் தொழிலாளிகளும் தவிர்க்க முடியாது. மழை தொடங்கும் முன்பே வடிகால் மூடிகளைச் சரிபார்ப்பதும், தோண்டிய இடத்தில் இரவிலும் ஒளிரும் தடுப்பு வைப்பதும் ஒப்பந்தக்காரரின் வேலை, அதைக் கண்காணிப்பது அதிகாரிகளின் வேலை. வேலை முடியும்போது சாலையோரம் ஒரு சைக்கிள் பாதைக்கு இடம் விடுங்கள் என்றும் இப்போதே கேட்க வேண்டும். மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் இடம் இருக்காது.