மேசையிலிருந்து சுரங்கம் வரை

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஓர் அறையை வீட்டு அலுவலகமாக்க என்ன வேண்டும்? மேசை, நாற்காலி, லேப்டாப், மின்விசிறி, ஒரு ஜன்னல். ஆனால் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்ற முதல் கேள்விக்கே வானத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெய்வேலி ஏறத்தாழ 11.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். மார்கழியில் தெற்கே சாய்ந்தாலும் நண்பகலில் அதன் உயரம் ஏறத்தாழ 55 பாகை. அதனால் தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு இருந்தால், அந்த நேரத்தில் நிழல் கிட்டத்தட்ட 3 அடி இறங்கிவிடும். சிக்கல் மேற்கு ஜன்னலில்தான். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடுக்குச் சிக்காது. மரமோ திரைச்சீலையோதான் தடுக்கும். வேலைக்கு உகந்தது வடக்கு ஜன்னல், அதுவும் பக்கவாட்டில்.

ஏன் பக்கவாட்டில்? உச்சி வெயிலில் வெளியே 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் கொட்டுகிறது. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் லக்ஸ். மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். ஜன்னலை எதிரே வைத்துக்கொண்டால் கண்மணி வெளியே பார்த்துச் சுருங்கும், திரை இருண்டு தெரியும். முதுகுக்குப் பின்னால் வைத்தால் திரையில் ஜன்னலே பிரதிபலிக்கும்.

கண்ணுக்குள் இன்னொரு வேலை நடக்கிறது. வில்லையைச் சுற்றி வளையமாக ஒரு தசை. அருகில் பார்க்கும்போதெல்லாம் அது சுருங்கியே இருக்க வேண்டும். தூரத்தில் பார்த்தால்தான் தளரும். திரையில் மூழ்கும்போது இமைப்பதும் குறைந்து கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது அந்தத் தசைக்குக் கொடுக்கும் ஓய்வு.

முதுகெலும்பு இதைவிட விந்தை. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தென்ற இடைத்தட்டுகள் இருக்கின்றன. வளர்ந்தவர்களின் இடைத்தட்டின் உட்பகுதிக்கு ரத்தக் குழாயே இல்லை. பஞ்சைப் போல அது அழுந்தும்போது நீரை விடுகிறது, தளரும்போது உறிஞ்சுகிறது. சத்தும் பக்கத்து எலும்பிலிருந்து கசிந்தே வந்து சேர்கிறது. நாள் முழுதும் அழுந்துவதால் மாலையில் நம் உயரம் 1 செ.மீ. வரை குறைந்துவிடுகிறது! ஆகவே பாதம் தரையில் பதிய, முழங்கை மேசை மட்டத்தில் இருக்க, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் நிற்க உட்காருங்கள். லேப்டாப்பை உயர்த்தி வைத்து, தனிக் கீபோர்டு போட்டுக்கொண்டால் இது எளிது. ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்தே ஆக வேண்டும்.

தலைக்கு மேலே சுழலும் விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் அறையைச் சற்றே சூடாக்கவும் செய்கிறது. அது குளிர்விப்பது நம்மை. உட்கார்ந்திருக்கும் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு மணி நேரத்தில் 150 கிராம் வியர்வை ஆவியானால் அவ்வளவு வெப்பமும் போய்விடும். அந்த ஆவியாதலைத்தான் காற்று விரைவாக்குகிறது.

பழைய சீலிங் ஃபேனுக்கு 75 வாட் வேண்டும். நிலைக்காந்தம் பொருத்தி, மின்னணுச் சில்லு இயக்கும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். 8 மணி நேர வேலைக்கு மிச்சம் 0.36 யூனிட். சிறிய எண்தான். ஆனால் 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுக்கும் ஊர் இது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ நிலக்கரி எரிகிறது. அந்த 1 கிலோவை எடுக்க, மேலே கிடக்கும் 5 லிட்டருக்கு மேற்பட்ட மண்ணை ராட்சதச் சக்கர எந்திரங்கள் வெட்டி அகற்றுகின்றன. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு முட்டும் ஊற்றுநீரையும் பம்புகள் இரவு பகலாக இறைத்தாக வேண்டும். இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி எழும்.

300 வேலை நாளுக்கு அந்த ஒரு விசிறி மிச்சப்படுத்துவது 108 யூனிட். அதாவது 100 கிலோவுக்குக் குறையாத நிலக்கரியும், அரை கன மீட்டர் மண் வெட்டும் வேலையும். முதுகுக்கு நல்லதும் சுரங்கத்துக்கு நல்லதும் இங்கே ஒரே பழக்கத்தில் சேர்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை எழுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு நடங்கள்.