கடை வாசலில் எழும் புகை



இரவு கடை அடைக்கும் நேரம். அன்றைய அட்டைப்பெட்டி, கிழிந்த சாக்கு, பாலிதீன் தாள் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி. குப்பை ஒழிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவோம். நானும் முப்பது ஆண்டுகள் இப்படிச் செய்தவன்தான்.

போன மார்கழியில் எங்கள் கிட்டங்கிக்கு எதிர் மாடியில் குடியிருக்கும் அம்மா இறங்கி வந்து, “அண்ணாச்சி, பிள்ளைக்கு இழுப்பு. நீங்க தீ வைக்கிற நேரம் சன்னலை மூடிக்கிட்டே இருக்கோம்” என்றார். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவர் கெஞ்சினார். அதன் பிறகுதான் இது பற்றிய சட்டதிட்டங்களை விசாரித்தேன்.

வத்தலுக்கும் பருப்புக்கும் தரம் பார்ப்பதுபோல் காற்றுக்கும் அரசு தரம் வைத்திருக்கிறது. 2009இல் அறிவித்த அளவுப்படி, ஒரு கனமீட்டர் காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி ஆண்டுச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி என்றால் 40தான். இந்த நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை இறங்குவது. புகையில் மிகுதியாக இருப்பதும் இதுவே.

2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. தரம் எட்டாத 102 நகரங்களின் முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே ஊர் தூத்துக்குடி. நமக்குச் சரக்கு இறங்கும் அதே தூத்துக்குடிதான். துறைமுகம், நிலக்கரி, அனல்மின் நிலையம், லாரிகள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில். திருச்சி, சென்னை, மதுரை பின்னால் சேர்ந்தன. தூசியை 2024க்குள் 20 முதல் 30 சதவீதம் குறைப்பது என்றிருந்த இலக்கு, பிறகு 2025-26க்குள் 40 சதவீதம் என்று உயர்ந்தது.

சங்கரன்கோவில் பட்டியலில் இல்லை, நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். குப்பை எரிப்பதற்குத் தடை பட்டியலைப் பார்த்து வந்ததல்ல. தெருவிலும் பொது இடத்திலும் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் நாடு முழுமைக்கும் சொல்லிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஒரு மளிகைக் கடையில் 5,000 ரூபாய் லாபம் பார்க்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் புகைக் கட்டுப்பாடு விதித்து இரண்டு ஆண்டு கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். பெரியவர்களுக்குத் தவணை, பெட்டிக்கடைக்காரனுக்கு அபராதமா? சங்கங்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் சன்னலுக்கு நேரே புகைவது மின்நிலையம் அல்ல, நம் வாசல்.

இப்போது எங்கள் கிட்டங்கியில் மூன்று சாக்கு தொங்குகிறது. அட்டைக்கு ஒன்று, பாலிதீனுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. முதல் இரண்டும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. அந்தக் காசு கடைப்பையன்களின் டீச் செலவுக்கு. மூன்றாவது, இரவு உள்ளேயே இருந்து காலையில் குப்பை வண்டியில் ஏறுகிறது. முதல் வாரம் பையன்கள் முணுமுணுத்தார்கள், டீக்காசு கைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.